அக்காள் பெயரில் ஒரு அட்டை

டாக்டரம்மா யூனிஸின் அடிவயிற்றில் ஒரு தழும்பைத் தேடிக்கொண்டிருந்தார். முதலில் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு விளக்கை அருகில் இழுத்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கிடைக்கவில்லை என்றதும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தேவநேசனைக் கேட்டார்.

“உங்க மனைவிக்கு வயித்தைக் கிழிச்சுத்தான் குழந்தையை எடுத்தாங்கன்னு சொன்னீங்க இல்லையா?”

“ஆமாங்க மேடம். எழுபதாம் வருஷம். மிலிட்டரி ஆஸ்பத்திரியிலதாங்க. ஆம்பளப் பையன்.”

அணிவகுப்பில் நின்று பதில் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொன்னார் தேவநேசன். அத்தனையும் நிஜம். அந்தப் பையன் ஜெஃப்ரிக்கு இப்போது முப்பத்து நாலு வயது. ஆனால் கிழிபட்ட வயிறு யூனிஸுடையது அல்ல. அவள் அக்காள் கெஸியாவுடையது. அந்த வயிறு மண்ணுக்குள் போய் முப்பத்திரண்டு வருஷமாகிவிட்டது.

கட்டிலில் படுத்திருந்த யூனிஸ் கூரையைப் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் இந்த மனுஷனை என்ன செய்வது?

நடந்தது இதுதான். அந்த வருஷங்களில் மலையில் தேயிலைக்கு விலையே இல்லை. இலை விற்ற காசு பறித்த கூலிக்குக்கூடப் போதவில்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. யூனிஸ் கொழுந்து பறிக்கும் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்த தேவநேசனை, “அப்புறமா சொல்லியனுப்பறோம்” என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பதிலாக ஒரு பூட்டு வந்தது. ஜெஃப்ரி பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்கு பனியன் தைக்கப் போய்விட்டான்.

யூனிஸுக்கு மூன்று நாள் தீட்டு பத்து நாளாகி, பத்து இருபதாகி, பிறகு நிற்கவே இல்லை. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினாள். ஒருநாள் கூடையோடு செடிகளுக்கு நடுவே சரிந்து விழுந்தாள். கூடப் பறித்தவர்கள் இலை லாரியில் இலைக்கு மேலேயே படுக்க வைத்துக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி, ரத்தம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் ஆளே தங்காது என்றார்கள். செலவு எவ்வளவு என்றும் சொன்னார்கள். தேவநேசன், “ரொம்ப நல்லதுங்க” என்று கும்பிட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகுதான் சகாயம் வந்தார். எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லயத்துக்காரர். அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர், லாரி ஓட்டியவர்.

“அண்ணே, குந்தவெச்சு அழுதுட்டிருக்கீங்களே, சேதி தெரியாதா? பழைய சோல்ஜருங்களுக்கு கவர்மென்ட்டுல புதுசா வைத்தியத் திட்டம் கொண்டாந்திருக்காங்க. பென்ஷன் வாங்கற ஆளு, அவன் பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் சாகற வரைக்கும் வைத்தியம். நம்ம மாதிரி பழைய ஆளுங்களுக்குச் சந்தாகூடக் கிடையாது. வெலிங்டன்ல போயி அட்டை வாங்கோணும், அவ்வளவுதான்.”

“சாகற வரைக்குமா?”

“பின்ன, செத்ததுக்கப்புறமுமா பண்ணுவாங்க? உங்களுக்கு ஆசைதான்!”

தேவநேசன் தகரப்பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தார். நாயக் என்ற பதவி, உயரம், மார்பளவு, போன ஊர்கள், வாங்கிய மெடல் எல்லாம் அதில் இருந்தன. மனைவி பெயர் என்ற இடத்தில் கெஸியா என்று இருந்தது.

எழுபத்திரண்டில் அவர் எல்லையில் இருந்தபோது ‘மனைவிக்கு மிக மோசம், உடனே புறப்படவும்’ என்று தந்தி போனது. பட்டாளத்துக்குப் போகும் தந்தியில் யாரும் செத்துவிட்டார் என்று அடிப்பதில்லை. அவ்வளவு தூரம் தனியாக ரயிலில் வரும் மனுஷன் ஏதாவது செய்துகொண்டால்? அவர் வந்து சேர்ந்தபோது மஞ்சள்காமாலையில் போன கெஸியாவை அடக்கம் பண்ணி ஒன்பது நாளாகியிருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை யூனிஸின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றது. லீவு முடிவதற்குள் பெரியவர்கள் பேசி, பத்தொன்பது வயது யூனிஸை அவருக்கே கட்டி வைத்தார்கள். அக்காள் போய் ஐம்பது நாளில் தங்கச்சிக்குக் கல்யாணம். திரும்பிப் போனதும் கம்பெனி ஆபீசர் தோளில் தட்டி, “மனைவி இப்போது எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டார். ஐம்பது நாள் கணக்கை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, “நன்றாக இருக்கிறாள் சாப்” என்றார் தேவநேசன்.

அந்த ஒரு வார்த்தைதான். அதோடு கெஸியா பட்டாளத்தின் புத்தகத்தில் சாகாமலே இருந்துவிட்டாள்.

“ஏனுங்க, இதுல அக்கா பேருதானுங்க இருக்குது” என்றாள் யூனிஸ்.

“இருக்கட்டும்.”

“நான் அக்கா இல்லீங்களே.”

“ஏழு வருஷம் மணியார்டருக்குக் கெஸியான்னு கையெழுத்துப் போட்டியல்ல? அப்ப மட்டும் இருந்தியாக்கும்?”

யூனிஸ் நல்ல புடவையை எடுத்து உடுத்தினாள். இருவரும் குன்னூர் ஸ்டூடியோவில் சேர்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சில வாரத்தில் அட்டை வந்தது. அதில் யூனிஸின் முகம், கெஸியாவின் பெயர், கெஸியாவின் வயது. அட்டையைக் காட்டினார்கள், சீட்டு எழுதினார்கள், ரத்தம் பார்த்தார்கள், வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இதோ இந்தக் கட்டில்வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வழுக்கியிருக்கும்.

டாக்டரம்மா மேஜர். கேரளத்துப் பக்கம், தமிழ் நன்றாகவே பேசினார். சீட்டை மறுபடி பார்த்தார்.

“வயசு ஐம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலை. பிள்ளை பெத்த உடம்பாவும் தெரியலை. யாரம்மா நீங்க?”

அதட்டிக் கேட்டிருந்தால் யூனிஸ் பேசாமல் இருந்திருப்பாள். அவர் வீட்டுக்கு வந்த ஆளை விசாரிப்பதுபோல் கேட்டார். யூனிஸ் எழுந்து உட்கார்ந்து புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அது எங்கக்காளுங்க. அவ செத்துப் போயி முப்பத்திரண்டு வருஷமாச்சு. அவ பையனை நான்தான் வளத்தேன். என்ற பேரு யூனிஸுங்க. எனக்குன்னு பிள்ளை இல்லீங்க.”

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தேவநேசன் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

டாக்டரம்மா கையைக் கழுவினார். துடைத்தார். “ஆபரேஷன் மேசையில மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். படுத்திருக்கறவங்க பதில் சொல்லணும். செத்துப் போனவங்க பேரைக் கூப்பிட்டுட்டு நான் கத்தி வைக்க மாட்டேன்” என்றார். பிறகு திரையை விலக்கி தேவநேசனிடம், “உங்க பட்டாளக் கணக்கெல்லாம் வெச்சிருக்கற ரெக்கார்டு ஆபீஸ் இங்க பக்கத்துலதான். போய் உள்ளதைச் சொல்லுங்க. நானாப் புகார் எழுத மாட்டேன், நீங்களா போங்க. போனீங்களான்னு திங்கட்கிழமை கேப்பேன்” என்றார்.

யூனிஸின் கையில் இரும்புச்சத்து மாத்திரைகளும் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும் வந்தன. “இதுக்குப் பேர் எதுக்கு? சாப்பிடுங்க. ஒரு நாளும் விடக்கூடாது” என்றார் டாக்டரம்மா.

வெளியே வெயில் மூஞ்சியில் அடித்தது. துணைக்கு வந்திருந்த சகாயம் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு பட்டாளத்துல சொல்லித் தரலையா உங்களுக்கு?”

“கேட்டாங்கப்பா! பழைய ஆபரேஷன் உண்டான்னு கேட்டாங்க!”

“இல்லைன்னு சொல்றதுக்கு வாய் நோகுதா? சரி, உடுங்க. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிங்களும் இந்தத் திட்டத்துல இருக்குதாம். சீட்டு வாங்கிட்டு அங்க போயிரலாம். அங்க இருக்கற கூட்டத்துல யாரு தழும்பு தேடப் போறா? ரெக்கார்டு ஆபீஸ் கிட்டப் போனீங்கன்னா பென்ஷனைப் புடிப்பாங்க. உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாங்க.”

பென்ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் தேவநேசன் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இப்போது அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருவது அது ஒன்றுதான். அவர் யூனிஸைப் பார்த்தார். “கோயமுத்தூரே போயிரலாமா புள்ள?”

யூனிஸ் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு அடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. கோயமுத்தூர் போனால் இந்த வாரமே கட்டியை எடுத்துவிடலாம். ரெக்கார்டு ஆபீஸுக்குப் போனால் எத்தனை நாளாகுமோ, அதுவரை உடம்பில் ரத்தம் இருக்குமோ. ஆனாலும் அவள் சொன்னாள்:

“அண்ணா, அங்க போயி மேசையிலயே நான் செத்துட்டன்னு வைங்க. கெஸியா செத்துட்டான்னு எழுதுவாங்க. அக்கா ரெண்டாந்தடவை சாவா. நான்? நான் எங்கயும் பொறக்கவுமில்ல, சாகவுமில்ல. பொழைச்சாலும் அதேதான், கெஸியா பொழைச்சான்னுதான் எழுதுவாங்க. எனக்கு அது வேண்டாமுங்க. ஏனுங்க, எந்திரிங்க. ஆபீஸு எந்தப் பக்கம்?”

சகாயம் கடலைத் தோலை ஊதிவிட்டு, “பொம்பளை முன்னால போறா, நாயக் தேவநேசன் பின்னால வர்றாரு” என்று முணுமுணுத்தபடி தானும் கூட வந்தார்.

ரெக்கார்டு ஆபீஸில் சுபேதார் ஆறுச்சாமி என்பவரிடம் அனுப்பினார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. தேவநேசன் விறைத்து நின்று முழுக்கதையையும் சொன்னார். இந்த முறை எதையும் விடவில்லை. தந்தி, ஒன்பது நாள், ஐம்பது நாள், ஆபீசர் கேட்டது, தான் சொன்ன பொய். சுபேதார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“முப்பத்திரண்டு வருஷமா ஏனுங்க சொல்லலை?”

“பயமுங்க சாப்.”

“எழுபத்தொண்ணு சண்டையில இருந்திருக்கீங்க, மெடல் வாங்கியிருக்கீங்க. அங்க வராத பயம் ஒத்தைத் தாளைக் கண்டு வந்துதாக்கும்!”

“என்னை உள்ள போட்டாலும் போடுங்க சாப். இவளுக்கு வைத்தியம் மட்டும்...”

“உங்களை உள்ள போட்டுச் சோறு போடறதுக்கு ஆளில்லை இங்க. மொதல்ல உக்காருங்க. அம்மணி, நீங்களும் உக்காருங்க. யாராச்சும் டீ கொண்டாங்கப்பா.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நீங்க நாளைக்குப் போயிச் சேந்துட்டா குடும்பப் பென்ஷன் யாருக்குன்னு யோசிச்சீங்களா? எங்க புத்தகப்படி கெஸியாவுக்கு. இந்தம்மா வந்து வாசல்ல நின்னு அழுதா, நீங்க யாருன்னு நாங்களே கேட்டிருப்போம். வைத்தியம்னு ஒண்ணு வந்ததாலதான் இந்தச் சேதி வெளிய வந்துது. நல்ல நேரம்னு நினைச்சுக்கோங்க.”

தேவநேசன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். அவர் அதை யோசித்ததே இல்லை. சுபேதார் என்னென்ன தாள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கெஸியாவை அடக்கம் செய்ததற்குச் சபைப் பதிவேட்டின் நகல், யூனிஸைக் கட்டியதற்கும் அதே மாதிரி ஒன்று, உள்ளதைச் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம். தேவநேசன் தலையாட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

“சாப், அவ பேரை அடிச்சிருவீங்களா?”

யூனிஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாய் திறக்காததற்குப் பயம் மட்டும் காரணமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அவளும் அதையேதான் கேட்க இருந்தாள்.

“பட்டாளத்துல யாரு பேரையும் அடிக்கறதில்லீங்க” என்றார் சுபேதார். “அவங்க பேரு இருக்கற இடத்துலயே இருக்கும். நேரா தேதி போடுவோம். அதுக்குக் கீழ இவங்க பேரை எழுதுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயர் பழைய பதிவேடுகளை எடுத்துத் தந்தார். அடக்கப் பதிவேட்டில் கெஸியா, வயது இருபத்து மூன்று. திருமணப் பதிவேட்டில் யூனிஸ், வயது பத்தொன்பது. இரண்டும் ஒரே ஆள் எழுதியது, ஒரே நீல மை. யூனிஸ் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டது மாதிரி கோணலாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அழுத்தமாக இருந்தது. இந்த மலையில் தன் பெயரும் ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறது!

நகல்கள் ஆபீஸுக்குப் போயின. அதன் பிறகு ஐந்து வாரம் ஆனது. திங்கட்கிழமை தோறும் டாக்டரம்மா வரச்சொன்னார்; ரத்தம் பார்த்தார்; மாத்திரை கொடுத்தார். நான்காம் வாரம் யூனிஸ் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். சகாயம் வந்து நின்று, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஆரம்பித்தார். தேவநேசன் அவரைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டு ஜீப் பிடிக்க ஓடினார். இதற்கு மேல் வீட்டில் விட முடியாது என்று அன்றைக்கே வார்டில் படுக்க வைத்துவிட்டார் டாக்டரம்மா. ஆறுச்சாமிக்குத் தானே போன் பண்ணினார் என்று நர்ஸ் சொன்னாள். என்ன பேசினாரோ, ஆறாம் நாள் சுபேதாரே தாளை எடுத்துக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“அம்மணி, படிக்கத் தெரியுமல்ல? படிச்சுப் பாருங்க.”

இங்கிலீஷில் இருந்தது. ஆனாலும் தன் பெயர் அவளுக்குத் தெரிந்தது. தேவநேசன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். மேலே கெஸியா, அவளுக்கு நேராக அந்தத் தேதி. கீழே யூனிஸ், மனைவி.

“சரியா இருக்குதுங்களா?” என்றார் சுபேதார்.

“சரியா இருக்குதுங்க சாமி” என்று யூனிஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த மனுஷன் கூச்சப்பட்டுக்கொண்டு, வேறு ஏதோ வேலை இருப்பதுபோல் வேகமாகப் போய்விட்டார்.

ஆபரேஷனுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டியிருந்தது. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஜவான்களில் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். ஒருவன் கன்னியாகுமரிப் பக்கத்து தனசிங், இன்னொருவன் ஆந்திராக்காரன். தேவநேசன் அவர்களுக்கு நன்றி சொல்லப் போனபோது, அவர்கள் இவரைப் பார்த்து எழுந்து நின்று சல்யூட் வைத்தார்களாம். அதை வந்து அவளிடம் இரண்டு தடவை சொன்னார்.

மேசையில் படுத்திருந்தபோது யூனிஸுக்குக் குளிராக இருந்தது. தலைமாட்டில் டாக்டரம்மா வந்து நின்றார். முகத்தில் கண் மட்டும் தெரிந்தது.

“யூனிஸ்.”

“ஏனுங்க.”

“பயமா இருக்கா?”

“இல்லீங்க” என்றாள். பொய்தான். ஆனால் கூப்பிட்டதற்கு அவள் சொன்ன பதில் பொய்யில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வார்டில் இருந்த பத்து நாளும் பாலும் முட்டையும் நேரத்துக்கு வந்தன. பிறந்ததிலிருந்து இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவள் படுத்ததில்லை. இன்னொருத்தர் சமைத்ததைச் சாப்பிட்டதுமில்லை. ஜெஃப்ரி திருப்பூரிலிருந்து வந்து காலடியில் உட்கார்ந்து, “எங்கம்மாவுக்கு இப்பத்தான் கல்யாணம் பதிவாயிருக்குது, சாப்பாடு எங்கே?” என்று கேலி பண்ணினான். தையல் வலிக்க வலிக்க யூனிஸ் சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆலயத்தில் அவளுடைய ஸ்தோத்திரச் சீட்டு வாசிக்கப்பட்டது. நன்றி சொல்கிறவர்கள் பெயர் படிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். யூனிஸ் எழுந்து நின்றாள். ஆண்கள் பக்கத்தில் தேவநேசனும் எழுந்தார். ஆயர் சீட்டைத் தூரப் பிடித்துப் படித்தார்.

“திருமதி யூனிஸ் தேவநேசன் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்காகவும், ரத்தம் கொடுத்த இரண்டு தம்பிமாருக்காகவும், சுபேதார் ஆறுச்சாமி அவர்களுக்காகவும், இந்திய...” நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக யூனிஸைப் பார்த்தார். “இந்திய அரசாங்கத்துக்காகவும்.” சீட்டைத் தாழ்த்தினார். “அரசாங்கத்துக்காக நாம வாராவாரம் ஜெபிக்கிறோம். அரசாங்கத்துக்கு நன்றின்னு ஒரு சீட்டு வர்றது, நான் ஆயரானதுல இருந்து இதுதான் முதல் தடவை.”

சபை முழுக்கச் சிரித்தது. தேயிலைக்கு விலையில்லாத அந்த வருஷத்தில் ஆலயத்தில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு நாளாகியிருந்தது. யூனிஸுக்கு முகம் சூடானது. ஆனால் உட்காரவில்லை, சீட்டில் இன்னும் ஒரு வரி இருந்தது.

“எனக்கு மூத்தவள் கெஸியாவுக்காகவும்” என்று படித்து முடித்தார் ஆயர். சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் வயதான இசக்கியம்மா மட்டும் கெஸியாவை நினைவு வைத்திருந்தாற்போலத் தலையை ஆட்டினாள்.

ஆராதனை விட்டதும் சகாயம் வாசலிலேயே மடக்கினார்.

“ஏனுங்க அண்ணி, டாக்டரம்மா பேரு வந்துச்சு, சுபேதாரு பேரு வந்துச்சு, டெல்லிக்காரங்க வரைக்கும் போயிட்டீங்க. சேதி கொண்டாந்தவன் எங்கே?”

“கோயமுத்தூர் போகச் சொன்னவனுக்கா நன்றி?” என்றார் தேவநேசன்.

“அது வேற சகாயமுங்க.”

யூனிஸ் சிரித்தாள். “மத்தியானம் சோத்துக்கு வாங்கண்ணா. கறி எடுத்திருக்கறோம். சீட்டுல எழுதலையின்னா என்ன, இலையில வெச்சிடறேன்.”

வீட்டுக்குப் போகும் வழி செங்குத்தான மேடு. ஆண்கள் இருவரும் தேயிலை ஏலத்தில் விலை கொஞ்சம் ஏறும் என்றும் ஏறாது என்றும் வழக்கடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். யூனிஸ் அவர்களுக்காக ஒரு இடத்தில் நின்று பார்த்தாள். அவர்கள் வருவதாக இல்லை. உலையில் அரிசி போட நேரமாகிவிட்டது என்று அவள் பாட்டுக்கு மேடேறிப் போய்விட்டாள்.